கெனேசன்

2021 ஐப்பசி 20, புதன்

இது போன வருசம் வங்கியில் சும்மா தந்த டயறி. தேதிக்குக் கிழமை பொருந்தாது, வெட்டிப்போட்டு எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கொஞ்சம் அப்பிடி இப்பிடி இருக்கும். ஆனால் ஞாபகமறதி என்று ஒருத்தரும் நினைக்க வேண்டாம். என் கலியாண வீட்டில் ஆர் ஆர் சாப்பிடாமல் போனது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். மறந்துவிடும் என்று நான் எழுதவில்லை. ஆர் என்ன சொன்னது என்று பிறகு கதை வந்தால் காட்டுவதற்கு எழுதுகிறேன்.

இன்றைக்கு மருமகள் வதனி என்னைக் கீழ் ஊருக்குக் கண் காட்டக் கூட்டிக்கொண்டு போனவள். மகனுக்குக் கண் என்றுதான் சொன்னது, ஆகையால் இதிலும் கண் என்றே எழுதுகிறேன். இந்த நாட்டில் கண்ணுக்கு மருந்து கையில்தான் குத்துகிறார்கள். பெரிய மண்டபம். கதிரைகளைத் தூரத் தூரப் போட்டிருந்தது. குத்தின பிள்ளைக்கு மூக்கிலே வளையம். கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போங்கோ என்று கையால் காட்டினாள்.

திரும்பி வரும்போது ரயிலில் வதனி சொன்னாள்: "மாமி, இவருக்கு வாய்தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. வீட்டில பெரிய சண்டை வரும்."

"எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்" என்றேன்.

பின்னேரம் கை தூக்க ஏலாமல் போச்சு. "ஏனம்மா கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?" என்று மகன் கேட்டான். குளிர் என்றேன்.

ஐப்பசி 24, ஞாயிறு

மகனின் பெயர் கணேசன். ஊசி போடாதவன், போடவும் மாட்டானாம். இந்த மலையில் சனம் காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்குவதற்கு எங்கெங்கோ நாடுகளிலிருந்து வரும். கம்பியில் தொங்குகிற பெட்டி அவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிற உச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மகன் அங்கே கோப்பை கழுவப் போய்ச் சேர்ந்தவன், இப்போது பெரிய குக். முதலாளி ரூடி. தாடிக்காரன். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குச் சொக்கலேட் பெட்டி தந்தவன். கடித்தால் உள்ளே சாராயம். விரதநாள் வேறை. அதை நான் மறக்கவில்லை.

உலகமெல்லாம் தொற்று வருத்தம் வந்த நாள் முதல் இந்த ரூடி விடுகிற வீடியோ எல்லாம் மகனின் போனுக்கு வரும். ஊசி போட்டால் இரத்தம் கட்டும், பிள்ளை பிறக்காது, எலும்புக்குள் என்னவோ போகும். மகனுக்கு வயசு ஐம்பத்தொன்று, இனிப் பிள்ளை பிறந்து என்ன செய்யப் போகிறான் தெரியாது.

டிவியில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் "கெனேசன், கெனேசன்" என்கிறார்கள். முதல் தரம் கேட்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. இவன் என்ன செய்துபோட்டான், அரசாங்கம் டிவியில் கூப்பிடுகிறதே என்று பயந்து எழும்பி நின்றுவிட்டேன். பேத்தி ஆதிரை சூரிச்சில் படிக்கிறவள், போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பம்மா, அது அப்பா இல்லை. இஞ்சத்தைய டொச்சுப் பாசையில கெனேசன் எண்டால் வருத்தம் வந்து சுகமானவை. ஊசி போட்டவை, சுகமானவை, சோதிச்சுப் பாத்தவை. இந்த மூண்டு பேரும்தான் கடைக்கு உள்ளே இருந்து சாப்பிடலாம்."

மலையில் இதையே பகிடியாக்கிப் போட்டார்களாம். ரூடி எல்லாருக்கும் முன்னால் மகனின் தோளில் தட்டி, "உனக்கு என்னத்துக்கு ஊசி? நீ பிறக்கேக்கையே கெனேசன்" என்றவனாம். மகன் அதை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வதனி சிரிக்கவில்லை.

கார்த்திகை 17, புதன்

மற்றக் கண்.

இந்தமுறை காய்ச்சலும் காய்ந்தது. வதனி கட்டிலடியில் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நல்லவள் என்று எழுதமாட்டேன். நான் இந்த நாட்டுக்கு வந்து, இந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்று, குசினிக்குள் நின்று தமக்கைக்குப் போனில் சொன்னவள்: "மனிசி வந்திட்டுது." வந்திட்டுது! 'மாமி வந்திட்டா' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆடு வந்திட்டுது, மாடு வந்திட்டுது, நானும் வந்திட்டுது. பதினொரு வருசமாக அந்த 'ட்டுது' என் காதுக்குள் கிடக்கிறது.

கொத்தமல்லித் தண்ணி குடித்தேன்.

கார்த்திகை 27, சனி

லிஃப்ட், அந்தக் கம்பிப் பெட்டி, ஓடத் தொடங்கி ஒரு கிழமை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கொழுக்கட்டை மாதிரி உடுத்திக்கொண்டு யன்னலடியால் போகிறார்கள். இங்கிலாந்துக்காரர் வரவில்லை. புது வருத்தம் ஒன்று தொடங்கிவிட்டதாம், அங்கேயிருந்து வந்தால் அடைத்து வைப்பினமாம். வதனி வேலைசெய்கிற ஹோட்டலில் கட்டிலுக்குப் போட்ட விரிப்பை அப்படியே மடித்து எடுத்து வைத்தாளாம்.

நாளைக்கு நாடு முழுக்க வோட்டு. இந்தச் சட்டங்கள் இருக்கட்டுமோ வேண்டாமோ என்று. பின்னேரம் மூன்று மணிபோல ஒரு சத்தம் கேட்டது. மாட்டு மணி. இங்கே மாட்டுக்குக் கட்டுகிற மணி பானை அளவு இருக்கும். ஊசி வேண்டாம் என்கிற ஆட்கள் ஒவ்வொருவரும் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லாரும் ஒரே காலெடுத்து வைத்து நடந்து வந்தார்கள். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தேத்தண்ணிப் பேணிக்குள் கரண்டி ஆடினது. கூட்டமாகக் கால் ஒன்றாக வைத்து வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஏன் என்று எழுதத் தேவையில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, அதன் ஓரத்தால் பார்த்தேன்.

எல்லாம் வெள்ளைச் சட்டை, பொன்தலை. நடுவிலே ஒரு கறுத்தத் தலை. என் பிள்ளை. சமையல் சட்டையோடு, தோளில் இரண்டு மணி.

வீட்டுக்கு வந்தபோது தோள் சிவந்து கன்றிப்போய் இருந்தது. எண்ணெய் பூசிவிட்டேன்.

கார்த்திகை 28, ஞாயிறு

சட்டம் இருக்கட்டும் என்ற பக்கம் வென்றுவிட்டது. ரூடி கடையில் கொடியை அரைக்கம்பத்தில் விட்டானாம்.

மார்கழி 1, புதன்

வதனியை ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மண்டப வாசலில் நிற்க விட்டிருக்கிறார்கள். வருகிறவர்களின் போனைப் பார்த்துப் பச்சை வந்தால் உள்ளே, சிவப்பு வந்தால் வெளியே. இன்றைக்கு ஒருவன் சப்பாத்து, தொப்பி எல்லாம் போட்டுச் சறுக்கப் போகிற கோலத்தில் வந்து, "நீ ஆர் என்னைக் கேட்க, உன் நாட்டுக்குப் போய்க் கேள்" என்று கையிலிருந்த தடியால் கதவுக்கு அடித்தவனாம். வதனி சப்பாத்தைக் கழற்றாமல் வந்து குசினியில் நின்று இதைச் சொன்னாள்.

மகன் கேட்டான்: "நீர் ஏன் அந்த வேலைக்கு ஓம் எண்டனீர்? சனத்தைப் பிரிக்கிற வேலை."

"இஞ்சேருங்கோ, உங்களைப் போல மேல நிண்டு மணி ஆட்டவோ சொல்லுறியள்?"

பிறகு அவனும் ஒரு கதை சொன்னான். லிஃப்ட்காரருக்குத்தான் ரூடியின் கட்டிடம் சொந்தம். தை மாதம் தொடங்க, உள்ளே நின்று வேலைசெய்கிற எல்லாரும் ஊசி போட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கெனேசனாக இருக்கவேண்டும் என்று சொல்லிப்போட்டார்களாம்.

"அப்ப போடுங்கோவன்" என்றாள் வதனி.

"ரெண்டாவது வழி இருக்கு" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. வதனிக்கு விளங்கினது.

மார்கழி 5, ஞாயிறு

ரூடியின் மாட்டுக்கொட்டிலில் பார்ட்டி. ஸ்கீ பழக்குகிற ஒல்லாந்துப் பெடியன் ஒருவனுக்கு வருத்தம் பிடித்துத் தனியாக இருக்கவேண்டியவன். அவனை நடுவில் இருத்தி, ஊசி போடாதவர்கள் எல்லாரும் சுற்றி இருந்து, ஒரே சட்டியில் சீஸ் உருக்கி, பாண் துண்டைக் கம்பியில் குத்தித் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவதாம். எச்சில்! கேட்கவே எனக்குக் குமட்டினது. இவர்கள் சும்மா நாளிலும் அப்படித்தான் சாப்பிடுவார்கள். இன்றைக்கு வருத்தத்தை வாங்குவதற்கென்றே. வந்து சுகமானால் கெனேசன் என்று கடதாசி கிடைக்குமாம்.

மகன் சேட்டு மாற்றிக்கொண்டு வந்தான். நான் கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

"எழும்புங்கோ அம்மா."

"போகாதை."

"அம்மா, எங்களுக்கு அம்மாள் வந்தபோது நீங்கள் என்ன செய்தனீங்கள்? அண்ணைக்கு உடம்பெல்லாம் கொப்பளிச்சவுடனே எங்கள் மூண்டு பேரையும் அவன்ர பாயிலேயே படுக்க விட்டனீங்கள் எல்லே? ஒண்டா வந்து ஒண்டாப் போகட்டும், ஒருக்கா வந்தால் பேந்து வராது எண்டு?"

"அது நான் சொல்லேல்லை. உன்ர மாமி பவளம் சொன்னவ."

"மாமி சொன்னவ. பாயைப் போட்டது ஆர்?"

அது அம்மாள். மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் மனமிரங்கி இறங்கிப் போகிறவ. இது ஆர், எந்தக் கோயில், என்ன படைத்தால் போகும், ஒருத்தருக்கும் தெரியாது. இதை அவனுக்குச் சொன்னேன். சிரித்தான். என் தலையைத் தடவிப்போட்டுச் சொன்னான்: "பயப்பிடாதேங்கோ. உங்களுக்கும் ஒருக்கா வந்து போறது நல்லதுதான். ஊசியில்லாமல் கடக்கலாம் எண்டு நீங்களே காட்டுவியள், பாருங்கோ."

எனக்கு நாக்கு நுனியில் வந்தது, என் கண் விசயம். குசினியில் தண்ணிக் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வதனி காது கொடுக்கிறாள் என்று தெரிந்தது. வாயை மூடினேன். கதிரையைத் தள்ளினேன்.

அவன் போனான். 'போட்டு வாறன்' என்று சொல்லித்தான் போனவன்.

மார்கழி 9, வியாழன்

வந்துவிட்டது. சோதிக்கிற துண்டில் இரண்டு கோடு. அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சோதனை பாஸ் பண்ணின பிள்ளை மாதிரி அறைக்குள் நிற்கிறான். ரூடிக்குப் படம் எடுத்து அனுப்பினான். ரூடிக்கும் வந்திட்டுதாம், சும்மா தடிமன்தானாம்.

மார்கழி 11, சனி

ரசம் வைத்தேன். மணம் தெரியவில்லை என்றான். உள்ளி, மிளகு, பெருங்காயம் எல்லாம் போட்ட ரசம். "சுடுதண்ணி மாதிரி இருக்கம்மா."

மார்கழி 13, திங்கள்

இருமல். வதனி சாப்பாட்டுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு இருமலுக்கும் கண்ணை மூடுகிறாள்.

மார்கழி 14, செவ்வாய்

சாப்பிடவில்லை.

மார்கழி 16, வியாழன்

விரலில் மாட்டிப் பார்க்கிற சின்ன மெசினை ஆதிரை தபாலில் அனுப்பியிருந்தாள். வதனி அதை அவன் விரலில் மாட்டி, வந்த இலக்கத்தைப் பார்த்தவுடன் போன் எடுத்தாள். அம்புலன்ஸ் வருவதற்குள் மகன் கட்டில் விளிம்பில் இருந்து, படிக்கட்டு ஓடி ஏறினவன் மாதிரி மூச்சு வாங்கினான். ஏறினதோ ஒன்றுமில்லை. தலைக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றினது. அது அவனுக்கில்லை. சறுக்கி விழுந்து தொடை முறிந்த ஒருவனைத் தூக்கவாம்.

அம்புலன்ஸ்காரப் பெண் வதனியிடம் முதல் கேட்டது ஊசி போட்டவரோ என்று. "நைன்" என்றாள், இல்லை என்று. எனக்குத் தெரிந்த சொல்லுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். கீழ் ஊர் ஆசுபத்திரியில் கட்டில் இல்லையாம், இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

போகும்போது என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். முகத்தில் மூடி இருந்தது. என்னவோ சொன்னான். கேட்கவில்லை.

மார்கழி 20, திங்கள்

புதுச் சட்டம் இன்றைக்குத் தொடங்குகிறது. சோதித்துப் பார்த்தவர்களும் இனி உள்ளே சாப்பிட ஏலாது, ஊசியும் கெனேசனும் மட்டும். ரூடி கடதாசி எடுத்துவிட்டான். கடை நிரம்பி வழியுதாம். மகனின் இடத்தில் வேறு ஒருவனை அடுப்படியில் விட்டிருக்கிறான்.

மகனை நித்திரையாக்கி, தொண்டையில் குழாய் வைத்து, மெசின் மூச்சு விடுகிறது.

மார்கழி 25, சனி

ரூடி வாசலில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சொக்கலேட். பெட்டியோடு குப்பையில் போட்டேன். வதனி பார்த்தாள். பிறகு அவள் போய்க் குப்பைப் பையை இறுக்கிக் கட்டினாள்.

2022 தை 5, புதன்

நடந்த மாதிரியே எழுதவேண்டும்.

வதனி வேலைக்குப் போய்விட்டாள். ஆசுபத்திரியில் பார்க்க விடமாட்டார்கள், ஹோட்டலில் லீவும் இல்லை. பதினொரு மணிபோல வீட்டுப் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பொம்பிளை. ஆசுபத்திரி என்று விளங்கினது. மெதுவாகத்தான் கதைத்தாள். எனக்குத் தெரிந்த டொச்சு, காலை வணக்கம், நன்றி, நாளைக்கு, இல்லை. இல்லை என்பதற்கு 'நிக்ட்' என்றும் சொல்லுவார்கள்.

அவள் ஹெர் கணேசன், கணேசன் ஐயா, என்றாள். பிறகு என்னவோ நீளமாகச் சொன்னாள். பிறகு நிக்ட் என்றாள், கணேசன் என்றாள். நான் வாய் திறக்காமல் நின்றேன். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னொருக்கால் சொன்னாள். நிக்ட். கணேசன்.

கணேசன் இல்லை.

நன்றி என்று சொல்லி போனை வைத்தேன். நன்றி என்று ஏன் சொன்னேன் தெரியவில்லை.

அழவில்லை. வதனிக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தால் அவள் அந்த வாசலில் நின்று கேட்கவேண்டும், சறுக்க வந்த சனத்துக்கு முன்னால். வீட்டுக்கு வந்தவுடன் சொன்னால், அதோடு அடுப்பு நூரும். செத்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம். இந்த நாட்டில் அயல் வீட்டுக்காரர் சோறு கொண்டுவந்து தரப் போகிறார்களோ? காலையில் அவள் ஒன்றும் சாப்பிடாமல் போனது எனக்குத் தெரியும்.

மா குழைத்தேன். புட்டு அவித்தேன். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தேன். இந்த வீட்டில் நான் அவளுக்கென்று சமைத்தது இல்லை. தேங்காய்ப்பூ மாத்திரம் தேவைக்கு மேல் துருவிப்போட்டேன்.

இரண்டரைக்கு வந்தாள். "என்ன மாமி, புட்டு மணக்குது?"

"கையைக் கழுவிப்போட்டு இரு."

கோப்பையில் போட்டுக் கொடுத்தேன். எதிரே இருந்து பார்த்தேன். பசி. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுது பிள்ளை. இன்னும் கொஞ்சம் போட்டேன். அதையும் சாப்பிட்டுது. தண்ணி குடிச்சுது. சாப்பிடும்போது தலைமயிரைக் காதுக்குப் பின்னால் தள்ளுகிறது, நெற்றியில் நரை.

"ஏன் மாமி நீங்கள் சாப்பிடேல்லை?"

"கையைக் கழுவு" என்றேன்.

கழுவிப்போட்டு வந்தாள்.

"ஆசுபத்திரியால எடுத்தவை. கணேசன் இல்லையாம்."

அவள் கதிரையில் இருக்கவில்லை, நிலத்தில் இருந்தாள். பிறகு நிலத்தில் இருந்தபடியே போனை எடுத்து ஆசுபத்திரிக்கு அடித்தாள். என்னென்னவோ கதைத்தாள். ஒரு இடத்தில் கதையை நிற்பாட்டி, வாயைப் பொத்தினாள்.

"மாமி, அவ என்ன சொன்னவ? சரியாச் சொல்லுங்கோ."

"நிக்ட் கணேசன் எண்டவ."

"கெனேசன் மாமி! நிக்ட் கெனேசன்! இன்னும் சுகமாகேல்லை எண்டு சொன்னவ! குழாய் எடுத்தாச்சாம் மாமி. தானா மூச்சு விடுறாராம். அதைச் சொல்லத்தான் எடுத்தவையாம். குழாய் எடுத்தாலும் இன்னும் சுகமாகேல்லை, பொறுங்கோ எண்டு சொல்ல எடுத்தவையாம்!"

நானும் நிலத்தில் இருந்தேன். இரண்டு பேரும் குசினி நிலத்தில்.

கொஞ்சம் பொறுத்து அவள் கோபமாகக் கேட்டாள்: "இதை நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டோ எனக்குப் புட்டுப் போட்டனீங்கள்?"

"பேந்து நீ எப்ப சாப்பிடுவாய்?"

அவள் என் மடியில் தலையை வைத்து அழுதாள். மிச்சப் புட்டை நான் சாப்பிட்டேன். ஆறிப்போய் இருந்தது.

தை 9, ஞாயிறு

இன்றைக்கு வீடியோவில் காட்டினார்கள். பார்த்தவுடன் எனக்கு இது செத்துப்போன தகப்பனோ என்று ஒரு நிமிசம் பயம் வந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், தாடி வெள்ளை. குரல் கதவு உராய்கிற மாதிரி. மூக்கில் இன்னும் குழாய்.

"அம்மா… உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

"இல்லை."

"தும்மல்கூட?"

"இல்லையடா."

சிரித்தான். சிரிக்க இருமல் வந்தது, இரும நேரம் எடுத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"பாத்தியளே! என்னோட ஒரே வீடு, ஒரே காத்து. வயசும் எழுபத்தாறு. ஊசியும் இல்லை, ஒண்டும் இல்லை… எனக்கு இப்பிடி வந்தது என்ர கெட்டகாலம். ரூடிக்கு எழுதினனான். உங்களை ஒரு வீடியோ எடுத்து அனுப்பட்டாம், குரூப்பில போட. சனம் பாக்கட்டும்."

வதனி பக்கத்தில் இருந்தாள். போனை அவள்தான் பிடித்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். போன மாதம் கதிரையைத் தள்ளிவிட்ட அதே ஆள்தான் நான். இன்றைக்கும் வாயை மூடித் தள்ளிவிட்டால் இந்த வீடியோ ரூடியிடம் போகும். அதைப் பார்த்து இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சட்டியில் பாண் தோய்க்கும்.

"ரூடிக்குச் சொல்லு, நான் போட்டனான் எண்டு."

"என்னத்தைப் போட்டனீங்கள்?"

"ஊசி. ஐப்பசியில ஒண்டு. கார்த்திகையில ஒண்டு."

"அது… கண் காட்ட எல்லே போனனீங்கள்?"

"கண்ணுக்கு ஒண்டுமில்லை. நல்லாத் தெரியுது. உன்னைத் தெரியுது."

அவன் நெஞ்சு ஏறி இறங்கினது. பின்னால் ஒரு மெசின் பீப் பீப் என்று அடித்தது. அது கெதியாய் அடிக்கத் தொடங்கிவிட்டதோ என்று எனக்குப் பயம். நான் சொன்னது அவனுக்கு ஆகாமல் போய்விடுமோ என்று பயம்.

"ஆர் உங்களைக் கூட்டிக்கொண்டு போனது?"

வதனியின் முழங்கால் என் முழங்காலில் முட்டினது.

"நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனனான்" என்றேன். "மொழி தெரியாதெண்டு இழுத்துக்கொண்டு போனனான். அவள் மாட்டன் எண்டுதான் நிண்டவள்."

தாதி வந்து போனை வாங்கப் பார்த்தாள், கையால் மறித்தான்.

"அப்ப ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

சீலைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்தேன்.

"வீட்டை வந்து உங்களோட பேசிக்கொள்ளுறன்" என்றான். தாதி போனை எடுத்துவிட்டாள்.

அடுத்த கிழமை விடுவார்களாம். வதனி அவன் அறையின் யன்னலைத் திறந்து விட்டிருக்கிறாள், குளிர் வீடு முழுக்க நிற்கிறது. அவளுக்குப் பயம். எனக்கும் பயம். அவன் கோபம் எனக்குத் தெரியும், தகப்பனின் கோபம்.

வரட்டும். வந்து வாசலில் நிண்டே பேசட்டும். ஊர் கேட்கப் பேசட்டும். அப்பிடிப் பேசுகிறதுக்கு மூச்சு வேணும்.